வாசகர் கேள்வி பதில்: செமஸ்டர் முடிவில் குறைவது நேரமா, தெம்பா?

கேள்வி: ஐயா, நான் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் பேருந்தில்தான் போய் வருகிறேன். ஏப்ரல் கடைசியில் செமஸ்டர் தேர்வு. ரெக்கார்டு நோட்டு இன்னும் முடிந்தபாடில்லை. மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும்போதே அசந்துவிடுகிறேன். ரெக்கார்டைக் காலையில் எழுதிக்கொண்டு, பாடத்தை இரவு பத்திலிருந்து ஒரு மணி வரை டீ குடித்தபடி படிக்கிறேன். மறுநாள் எதுவும் நினைவில் நிற்பதில்லை. நான் சோம்பேறியாகிவிட்டேனா?
*ஒரு மாணவி, கல்லல்*

பதில்: இல்லை, மகளே. சோம்பேறி இரவு ஒரு மணி வரை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க மாட்டாள். உங்கள் உழைப்பில் குறையில்லை; அதைச் செலவிடும் வேளைதான் தவறாக அமைந்திருக்கிறது. செமஸ்டரின் கடைசி வாரங்களில் நேரத்தைவிட முதலில் தீர்ந்துபோவது தெம்புதான் என்பதால், எத்தனை மணி நேரம் படிக்கிறோம் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, மனம் தெளிவாக இருக்கும் நேரத்தை எந்த வேலைக்குக் கொடுக்கிறோம் என்று பாருங்கள்.

நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தை வரவழைக்கிறது. டீயில் உள்ள காஃபின் அந்த அடினோசினைக் கரைப்பதில்லை. அது போய் அமரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொண்டு களைப்பை நமக்குத் தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். உடம்பில் சேர்ந்த காஃபினில் பாதி குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், பத்து மணிக்குக் குடித்த டீயின் பாதி வேகம் நீங்கள் தூங்கும் பின்னிரவு மூன்று மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். பகலில் படித்ததை நினைவில் ஊன்றச் செய்வதில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உங்கள் வயதுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஆகவே பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்திருங்கள். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் நாள் முழுவதிலும் காற்று கொஞ்சம் குளிர்ந்திருப்பது அந்த வேளையில்தான். திருவிழா ஒலிபெருக்கிகளும் பெரும்பாலும் அப்போது ஓய்ந்திருக்கும். பேருந்துக்குக் கிளம்பும்வரை கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தை உங்களுக்கு மிகக் கடினமான தாளுக்கே கொடுங்கள். டீயையும் அப்போது குடியுங்கள்.

ரெக்கார்டு எழுதுவது, படம் வரைவது, அட்டவணை போடுவது ஆகியவற்றுக்குக் கை ஓடினால் போதும். அவற்றைக் களைத்துப்போன மாலைக்குத் தள்ளுங்கள். ரெக்கார்டு நோட்டை விடியற்காலையில் எழுதிவிட்டு வெப்ப இயக்கவியலை நள்ளிரவில் படிப்பதுதான் உங்களைப் போன்ற பலரிடம் நான் காணும் பழக்கம். இதை அப்படியே மாற்றிக்கொண்டால் பாதித் துன்பம் தீரும்.

அடுத்தது, படிக்கும் முறை. வரிகளுக்குக் கீழே கோடிட்டுக்கொண்டு நான்கு முறை படித்தால் பாடம் பழகியதுபோல் தோன்றும். அந்தத் தோற்றம் தேர்வு மண்டபத்தில் கைகொடுக்காது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைப் படித்தபின், அதையே திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது: திரும்பப் படித்தவர்களிடம் 42, எழுதிப் பார்த்தவர்களிடம் 56. உங்கள் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை அல்லவா?

வெப்ப இயக்கவியலில் வரும் கார்னோ சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கவனமாகப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் அழுத்தம், கனஅளவு அச்சுகளை வரைந்து, சமவெப்ப விரிவு, வெப்பமாறா விரிவு, சமவெப்ப அமுக்கம், வெப்பமாறா அமுக்கம் என நான்கு வளைவுகளையும் வரிசையாகப் போட்டு, எங்கே வெப்பம் உள்ளே வருகிறது, எங்கே வெளியேறுகிறது என்று குறியுங்கள். மூன்றாவது வளைவில் தடுமாறினால் அதை மட்டும் திறந்து பாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி வெற்றுத்தாளில் வரையுங்கள். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கலாம். ஆடும் வண்டியில் நோட்டைப் படித்துத் தலைவலியை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

தேர்வு விடுமுறையில் பகல் ஒரு மணிக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் யாராலும் படிக்க முடியாது. பக்கத்தில் முற்றமும் பட்டாலை என்னும் திண்ணையும் உள்ள உறவினர் வீடு இருந்தால் கேட்டு அங்கே உட்காருங்கள். இல்லையேல் கல்லூரி நூலகத்துக்குப் போய்விடுங்கள். மதியம் வயிறு நிறையச் சோறுண்ணாமல், தண்ணீரும் மோரும் நிறையக் குடித்து, இருபது நிமிடம் மட்டும் கண்ணயருங்கள். அதற்கு மேல் தூங்கினால் எழும்போது தலை கனக்கும். வீட்டு வேலைகளில் எவற்றை இந்த மூன்று வாரம் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள முடியும் என்று அம்மாவிடம் இன்றே பேசுங்கள். அப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: என் மகன் பொறியியல் படிக்கிறான். அவனுடைய இரண்டு தேர்வுகளுக்கு நடுவே என் மைத்துனரின் மணிவிழா வருகிறது. அவன் வராவிட்டால் பங்காளிகள் தவறாக எண்ணுவார்களே?
*ஒரு தந்தை, தேவகோட்டை*

பதில்: மறுநாள் தேர்வு என்றால் அழைத்துப் போகாதீர்கள். நடுவே இரண்டு மூன்று நாள் இருந்தால், காலையில் வந்து விழுந்து வணங்கி ஆசி பெற்று, சாப்பிட்டதும் திரும்பட்டும். முதல்நாள் இரவே போய்த் தங்கினால், கூட்டத்தில் யாரும் நேரத்தில் தூங்குவதில்லை. அந்தக் களைப்பு தீர மறுநாளும் போய்விடும். மைத்துனரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லும் பொறுப்பைப் பையனிடம் விடாதீர்கள்.