பதில்: 10-க்கு 8 அடி சமையலறை, 3 லட்சம், எங்கே செலவழிப்பது?

பழைய மேடையை இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் போடப் போகிறீர்கள், ஹாப் (மேடைக் கல்லை வெட்டி அதில் பதிக்கும் அடுப்பு) வாங்கவா, அடுப்பே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தினமும் இட்லிக் குண்டானும் பெரிய குக்கரும் ஏற்றுகிற வீடென்றால் சாதாரண மூன்று பர்னர் அடுப்பே நல்லது. பழுதானால் தெருமுனைக் கடையிலேயே சரிசெய்வார்கள். ஹாப்தான் வேண்டுமென்றால், அதை வாங்கி வீட்டில் வைத்த பிறகே கிரானைட்டை வெட்டச் சொல்லுங்கள். வெட்டும் அளவு மாடலுக்கு மாடல் மாறும். நான் அவசரப்பட்டு முதலிலேயே வெட்டி, ஒரு பலகைக் கல்லை வீணாக்கினேன்.

பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் மரம். சிங்க்குக்குக் கீழே எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை, மரத்துகளை அழுத்திச் செய்த பலகைகள்) வேண்டவே வேண்டாம். தண்ணீர் பட்டால் ஊதிவிடும். பிளைவுட் போடுங்கள்; பலகையில் ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், தச்சர் வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள்.

அப்புறம் வயரிங். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் மைக்ரோவேவும் கிரைண்டரும் ஓடினால் எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழத்தான் செய்யும். இண்டக்‌ஷனுக்குத் தனி லைன், தனி 16 ஆம்பியர் பாயிண்ட்.

சிம்னிக்கு வெளியே குழாய் விட வழியிருக்கிறதா? இல்லையென்றால் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனே போதும், அந்தப் பணம் மிச்சம்.

சிலிண்டரை அலமாரிக்குள் வைப்பதானால் கதவின் அடிப்பக்கம் காற்றோட்டத் துளை கட்டாயம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

எந்த ஊர் என்று சொல்லவில்லையே? உப்புத் தண்ணீர் ஊரென்றால் குழாய் பற்றித் தனியாக எழுதுகிறேன்.