முதுகுவலிக்கு ஊன பென்ஷன்: புது ஸ்கேன் கைகொடுக்குமா?

கேள்வி: ராணுவத்தில் 24 ஆண்டு பணி முடித்து 2019-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். 2012-ல் லடாக்கில் ஸ்டோர் மூட்டை இறக்கும்போது வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்பு வலி. எல்-4, எல்-5 டிஸ்க் (கீழ் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ளது) பிதுங்கியிருக்கிறது என்று 2014-ல் நிரந்தர பி-2 கேட்டகிரி (உடல்தகுதி குறைந்தவர் பிரிவு) போட்டார்கள். ரிலீஸ் மெடிக்கல் போர்டு (ஓய்வின்போது பரிசோதிக்கும் மருத்துவக் குழு) 20 சதவீத ஊனம், ஆயுளுக்கும் என்று எழுதிவிட்டு, பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதுமல்ல என்று முடித்துவிட்டது. முதல் அப்பீல் 2020-ல் தள்ளுபடி. இப்போது தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்து, டாக்டர் சர்டிபிகேட்டோடு வழக்குப் போடலாமா?

பதில்: ஸ்கேனுக்கு அவசரப்படாதீர்கள். உங்கள் ஊனம் 20 சதவீதம் என்பதைப் போர்டே ஒப்புக்கொண்டிருக்கிறது. தகுதிக்குக் குறைந்தபட்சம் அதுதான். சண்டை, வலி பணியால் வந்ததா என்பதில். இன்று ஐம்பதை நெருங்கும் வயதில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. இன்றைய முதுகைத்தான் காட்டும். மூன்று நான்கு இடத்தில் டிஸ்க் வற்றியிருக்கும். அதையே எதிர்த்தரப்பு எடுத்து, 'பாருங்கள், வயசுத் தேய்மானம்' என்று நீட்டும்.

உங்களுக்கு வேண்டியது 2012 முதல் 2014 வரையிலான காகிதம். ரெக்கார்ட் ஆபீஸுக்கு (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன்) 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனை, கேட்டகிரி போட்ட ஒவ்வொரு போர்டின் அறிக்கைப் படிவமான ஏ.எப்.எம்.எஸ்.எப்.-15, மிலிட்டரி ஹாஸ்பிடல் கேஸ் ஷீட், அப்போதைய ஸ்கேன் ரிப்போர்ட், ரிலீஸ் போர்டின் அறிக்கைப் படிவமான ஏ.எப்.எம்.எஸ்.எப்.-16 எல்லாப் பக்கமும், போஸ்டிங் விவரம் எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். உங்களுடைய மருத்துவக் காகிதம். தனிநபர் தகவல் என்று மறுக்க முடியாது.

வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, நோய் 'தொடங்கிய இடம், தேதி' என்ற கட்டம். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். லடாக்கில் எம்.ஐ. ரூமில் (யூனிட்டின் சிறு மருத்துவ அறை) மாத்திரை வாங்கியிருப்பீர்கள். ஹாஸ்பிடலில் சேர்ந்தது அடுத்த போஸ்டிங்கில், அமைதிப் பகுதியில் (கடினமான களப்பணி இல்லாத இடம்). போர்டு சேர்க்கை தேதியை எடுத்து 'அமைதிப் பகுதியில் தொடங்கியது' என்று எழுதிவிடும். எம்.ஐ. ரூம் பதிவேடு இன்று கிடைப்பது அரிது. ஆனால் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் டாக்டர் நோயாளியிடம் கேட்டு எழுதிய வரலாறு இருக்கும். 'சாமான் இறக்கும்போது விழுந்ததிலிருந்து வலி' என்று அங்கே ஒரு வரி இருந்தால், இன்றைக்கு வாங்கும் பத்து சர்டிபிகேட்டை அது தூக்கிச் சாப்பிடும். காய அறிக்கை (ஐ.ஏ.எப்.ஒய்.-2006) போட்டிருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டாலும் வழக்கு செத்துவிடாது. விழுந்தது நிரூபணமாகாவிட்டால், உயரமான இடத்தின் குளிரும் சுமையும் வலியைக் கூட்டின என்ற வாதம் மிச்சமிருக்கிறது. அதற்குப் போஸ்டிங் விவரமே சாட்சி.

அடுத்து, போர்டு எழுதிய காரணம். தரம்வீர் சிங் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் சொன்னது: சேரும்போது நோய் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு வந்தது பணியால் வந்தது என்றே அனுமானிக்க வேண்டும், இல்லை என்றால் போர்டு காரணம் எழுத வேண்டும். 'உடல்வாகு சார்ந்தது' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அது காரணமே ஆகாது. விரிவாக எழுதியிருந்தால் கதை வேறு. நிபுணர் கருத்தை நீதிமன்றம் லேசில் தள்ளாது. அப்போதுதான் வெளி டாக்டர் தேவைப்படுவார். அவரிடம் புது ஸ்கேனைக் கொடுக்காமல் பழைய ரிப்போர்ட்டைக் கொடுங்கள். 36 வயதில் ஒரே ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது, மற்ற டிஸ்க்குகள் நன்றாக இருந்தன என்று அதில் இருந்தால், பொதுவான தேய்மானம் என்பதோடு அது ஒத்துப்போகிறதா என்று காரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். 'இருக்கலாம்' என்று முடியும் கடிதத்தால் பயனில்லை.

ஊன பென்ஷன் தகுதிக்கான 2008 விதிகளின்படி, வலி பணியால் வந்தது என்று நிரூபிக்கும் சுமை பொதுவாக உங்கள் மேல் இல்லை. ஓய்வு பெற்று 15 ஆண்டு கழித்துக் கேட்டு, அதற்குள் காகிதங்கள் அழிக்கப்பட்டுவிட்டால் சுமை உங்கள் தலையில் விழும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இன்னும் வரவில்லை. 2023 செப்டம்பருக்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்கு வேறு விதிகள். அவர்கள் வழக்கோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

இரண்டாவது அப்பீலைப் பதிவுத் தபாலில் இப்போதே அனுப்புங்கள். காலம் கடந்தது என்று திருப்பினால் அந்தக் கடிதத்தையும், ஆறு மாதம் பதிலே வராவிட்டால் தபால் ரசீதையும் வைத்துக்கொண்டு சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். தாமத மன்னிப்பு மனுவும் சேர்க்க வேண்டும். பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் வழக்கு அடிபடாது, ஆனால் தார்செம் சிங் தீர்ப்பின்படி (2008) மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டு நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவை போகிறது.

தொகை: 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 42,000 என்றால் 12,600; அதில் 20 சதவீதம் 2,520. ராம் அவதார் தீர்ப்பின்படி (2014 டிசம்பர் 10) 20 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிட்டால் 6,300, அகவிலை நிவாரணம் தனி. மனுவின் வேண்டுகோள் பகுதியில் இந்த உயர்வைத் தனியாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.