ராத்திரி தோட்டத்துக்குப் போக 1000 லூமன் டார்ச் போதுமா? பெட்டியில் போட்டிருக்கும் 500 மீட்டர் வரைக்கும் உண்மையிலேயே தெரியுமா?

500 மீட்டர் தெரியாது. நல்ல கம்பெனி டார்ச்சாக இருந்தால் 150 மீட்டர், மிஞ்சிப்போனால் 200 மீட்டர் வரை அங்கே நிற்பது மாடா மனுசனா என்று சொல்லலாம். ஊர் பேர் தெரியாத டார்ச் என்றால் அந்த எண்ணைப் பெட்டியோடு சேர்த்து வீசிவிடலாம்.

எங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி முறைக்கு வந்தால் ராத்திரிதான் தண்ணீர் பாயும். போனிலிருந்தே மோட்டார் போடுகிற ஸ்டார்ட்டர் வந்துவிட்டது, ஆனால் குழாயில் தண்ணீரை மாற்றிவிடும் கேட்வாலைத் திருப்பப் போனை அனுப்ப முடியாது, ஆள்தான் போகணும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியார் திட்டம்) வாய்க்கால் தண்ணீர் நம்ம முறைக்கு நடுராத்திரி வந்தாலும் அதே கதைதான். அதனால் டார்ச் எங்களுக்குத் தினப்படி சாமான். வீட்டில் நாலைந்து வகை கிடக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே தோப்பில் ஒரே இருட்டில் அடித்துப் பார்த்திருக்கிறேன். தூரம் அளக்க டேப் தேவைப்படவில்லை. தென்னை 25 அடிக்கு ஒன்று, அதாவது 7.5 மீட்டர் இடைவெளி. வரிசையில் நாலு மரம் தள்ளினால் 30 மீட்டர், பதின்மூன்று தள்ளினால் கிட்டத்தட்ட 100 மீட்டர்.

முதலில் அந்த 500 மீட்டர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று ஓர் அமெரிக்கத் தரநிலை 2009-இல் வந்தது. நல்ல கம்பெனிகள் அதன்படிதான் பெட்டியில் எண் போடுகின்றன. ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்; ஒளிக்கற்றையின் நடுவில் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற தூரம் எதுவோ, அதுதான் டார்ச்சின் ‘தூரம்’. மேகமில்லாத பௌர்ணமி ராத்திரியில் தரையில் விழுவதும் ஏறக்குறைய அவ்வளவு வெளிச்சம்தான். பௌர்ணமியில் நாம் நடமாடுகிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. நிலா வெளிச்சத்தில் நம்மைச் சுற்றி எல்லாமே ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும், கண்ணும் அதற்குப் பழகியிருக்கும். டார்ச் அடிக்கும்போது கையருகில் பளீரென்றும் தூரத்தில் மங்கலாகவும் இருக்கும். கண் பளீரென்ற பக்கத்துக்குப் பழகிக்கொள்ளும், மங்கலானது தெரியாமல் போய்விடும். அதோடு, 200 மீட்டரில் நிற்கிற ஒரு மீட்டர் நீள மிருகம் நம் கண்ணுக்கு நிலாவின் பாதி அகலம்தான் இருக்கும். அவ்வளவு சின்ன உருவத்தை அடையாளம் காணப் பௌர்ணமியைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும்.

அடுத்தது லூமன். டார்ச்சிலிருந்து மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் வெளியே வருகிறது என்பதுதான் லூமன். எவ்வளவு தூரம் போகும் என்பதை அது சொல்லாது, அதைச் சொல்வது கேண்டெலா, அதாவது வெளிச்சம் ஒரே திசையில் எவ்வளவு குவிந்து போகிறது என்கிற அளவு. தண்ணீர் விடும் ஓஸின் முனையை விரலால் அழுத்தினால் அதே தண்ணீர் தூரமாகப் போய் விழுமே, அந்தச் சங்கதிதான். ஒரே 1000 லூமனைக் கட்டைவிரல் தடிமனுள்ள பாக்கெட் டார்ச்சும் தரும், அகன்ற தலையும் ஆழமான வழவழப்பான ரிஃப்ளெக்டரும் உள்ள டார்ச்சும் தரும். முன்னதில் 10,000 கேண்டெலா வந்தாலே நல்லது. பின்னதில் 40,000 சாதாரணமாக வரும்.

கணக்கு ரொம்பச் சுலபம். கேண்டெலாவை தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த இடத்தில் விழும் லக்ஸ் கிடைக்கும். 10,000 கேண்டெலா டார்ச் 10 மீட்டரில் 100 லக்ஸ் தரும், 50 மீட்டரில் 4 லக்ஸ், 100 மீட்டரில் ஒன்று, 200 மீட்டரில் கால். பெட்டியில் ‘200 மீட்டர்’ என்று வரும். 40,000 கேண்டெலாவுக்கு இது எல்லாம் நாலு மடங்கு. 100 மீட்டரில் 4 லக்ஸ், 200-இல் ஒன்று, பெட்டியில் ‘400 மீட்டர்’. கவனித்தீர்களா, நாலு மடங்கு கேண்டெலாவுக்கு இரண்டு மடங்கு தூரம்தான் கிடைக்கிறது. அதனால் 800 லூமனிலிருந்து 1000 லூமனுக்கு மாறுவதற்காகக் காசு செலவழிப்பது வீண், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

சரி, தோப்புக்குள் இது எப்படி இருக்கிறது என்பதற்கு வருகிறேன்.

காலடியிலிருந்து மூன்று, நாலு மீட்டர் வரைதான் உயிருக்கு முக்கியமான தூரம். கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும். கண்ணாடிவிரியன் காய்ந்த மட்டைக்கும் பன்னாடைக்கும் நடுவில் கிடந்தால் பகலிலேயே கண்ணுக்குப் படாது. இந்தத் தூரத்துக்கு 100 லூமன் தாராளம், ஆனால் அது பரவலாக விழணும். தூரம் பாயும் டார்ச்சை இங்கே அடித்தால் தட்டு அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்து கண்ணைக் கூசச் செய்யும், பொட்டுக்கு வெளியே இருப்பது இன்னும் இருட்டாகத் தெரியும். இன்னொன்று, டார்ச்சை இடுப்பு உயரத்தில் அல்லது அதற்கும் கீழே பிடித்து, தரையில் சாய்வாக அடிக்க வேண்டும். அப்போதுதான் தரையில் கிடக்கும் எதற்கும் நிழல் விழும். நிழலைப் பார்த்துத்தான் அது மேடா பள்ளமா, குச்சியா வேறு எதுவுமா என்று கண் கண்டுபிடிக்கிறது. நெற்றியில் மாட்டும் ஹெட்லைட்டில் வெளிச்சமும் கண்ணும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், எல்லாம் தட்டையாகத் தெரியும். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது ஹெட்லைட் அருமையான சாமான், கேட்வால் ரிப்பேருக்கு அதுதான் சரி. நடக்கும்போது அதை நம்பி இருக்காதீர்கள். பாம்பின் கண் நாய்க்கண் மாதிரி மின்னும் என்று காத்திருக்கவும் வேண்டாம், மின்னாது. புல்லில் பனித்துளி போலப் பொடிப்பொடியாக மின்னுவது பெரும்பாலும் சிலந்தி.

10 முதல் 30 மீட்டர் வரை, அதாவது மோட்டார் ரூம், தொட்டி, பக்கத்து வரப்பு. இங்கே பாக்கெட் டார்ச்சுதான் ராஜா. 300 முதல் 500 லூமன் வைத்து அடித்தால் இடமே கண் முன்னால் விரிந்துவிடும். அகன்ற தலை டார்ச்சு இங்கே தோற்கிறது. ஒவ்வொரு மரமாகத் துழாவ வேண்டியிருக்கும்.

50 மீட்டர் தாண்டியதும் ஆட்டம் மாறும், தோப்பில் அது வெட்டவெளியைவிடச் சீக்கிரமே மாறும். காரணம் முன் வரிசை மரங்கள். தென்னை மரத்தண்டு வெளிர் சாம்பல் நிறம். பரவலான டார்ச் அடித்தால் பக்கத்து நாலு மரமும் வெள்ளையடித்த தூண் மாதிரி பளபளக்கும், பின்னால் எல்லாம் கறுப்பு. லூமனைக் கூட்டினால் இன்னும் மோசம், முன் மரம்தான் இன்னும் பளபளக்கும். ‘ஆயிரம் லூமன் வாங்கினேன், ஒண்ணும் தெரியலையே’ என்று பலர் புலம்புவது இதனால்தான். அகன்ற தலை டார்ச்சின் ஒடுங்கிய கற்றை இரண்டு வரிசைக்கு நடுவில் புகுந்து போய்விடும். பதின்மூன்றாம் மரத்தில், அதாவது 100 மீட்டரில், பாக்கெட் டார்ச்சுக்கு ‘ஏதோ நிற்கிறது’ என்பது வரைதான் தெரிந்தது. அகன்ற தலை டார்ச்சில் அது பக்கத்துத் தோட்டத்துக் கன்றுக்குட்டி என்று தெரிந்தது. மாடு, நாய், பூனை, மான் என்றால் கண் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் அவற்றுக்கு உண்டு. பன்றி இனத்துக்கு அது கிடையாது. எங்கள் பக்கம் தென்னங்கன்றைத் தோண்டிப்போடுவது காட்டுப்பன்றிதான், அதற்குக் கண் மின்னாது, உடம்பும் கறுப்பு. ஆக, எதை ராத்திரி தூரத்திலேயே பார்த்தாகணுமோ அதுதான் டார்ச்சுக்கு ரொம்பக் கஷ்டமான உருவம்.

200 மீட்டருக்கு மேல் தோப்புக்குள் பேச்சே இல்லை. வாய்க்கால் கரையில் நின்று வெறும் வயல்காட்டில் அடித்தால் வெள்ளைச் சட்டை தெரியும், வண்டியின் பின் ரிஃப்ளெக்டர் சிவப்பாகத் தெரியும். மற்றபடி அதற்கு மேல் வாங்குவது ஆசைக்குத்தான். அந்த ஆசை எனக்கும் உண்டு, குறை சொல்லவில்லை.

மார்கழி, தை மாதப் பனியில் இந்தக் கணக்கெல்லாம் பாதியாகிவிடும். காற்றில் மிதக்கும் நுண்துளி வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பும், முன்னால் பால் ஊற்றின மாதிரி ஒரு திரை. அப்போது பிரைட்னஸைக் குறையுங்கள், டார்ச்சைக் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடியுங்கள். ஹெட்லைட் இந்த நேரத்தில் சுத்தமாக உதவாது.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். நீலம் கலந்த பளீர் வெள்ளை, 6500 கெல்வின் சுற்றியது, லூமன் எண்ணைக் கூட்டிக் காட்டும். செம்மண்ணிலும் காய்ந்த சருகிலும் அது எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக்கிவிடும். 4000 முதல் 5000 கெல்வின் வரை, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு அசலாகக் காட்டும் என்கிற எண்) 90-க்கு மேல் உள்ள எல்இடி என்றால் பழுப்புக்கும் பழுப்புக்கும் உள்ள வித்தியாசம் பிரிந்து தெரியும். சொட்டுநீர்க் கறுப்புக் குழாயைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறதுதானே, அது கொஞ்சம் குறையும்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால் வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்க்காதீர்கள். சுவர் எல்லா டார்ச்சையும் நல்ல டார்ச்சாகக் காட்டும். பழைய சாக்கு ஒன்றை நாலாவது மரத்திலும் இன்னொன்றைப் பதின்மூன்றாவது மரத்திலும் கட்டுங்கள். இருட்டில் இருபது நிமிசமாவது நின்று கண்ணைப் பழக்கிவிட்டு அடியுங்கள். இரண்டு டார்ச்சையும் கையில் வைத்துக்கொண்டு ஒரே சாக்கின் மேல் மாற்றி மாற்றி அடித்தால்தான் வித்தியாசம் புரியும், நேற்று அடித்ததை இன்று நினைவில் வைத்து ஒப்பிடவே முடியாது. போட்டோ எடுப்பதாக இருந்தால் போனில் ப்ரோ மோடு போட்டு ஷட்டர், ஐஎஸ்ஓ, வொயிட் பேலன்ஸ் மூன்றையும் ஒரே அளவில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் மங்கலான டார்ச்சைப் போன் தானே பிரகாசமாக்கிவிடும். யூடியூப்பில் பார்க்கும் பாதி ஒப்பீடுகள் இந்தக் காரணத்தால்தான் எதற்கும் உதவாமல் போகின்றன.

முக்கியமாக, போட்டவுடன் அடிக்கும் வெளிச்சத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சின்ன டார்ச்சின் டர்போ, அதாவது அதிகபட்ச வெளிச்சம், சூடு ஏறுவதால் ஓரிரு நிமிசத்தில் தானாகவே இறங்கிவிடும். ஐந்து நிமிசம் எரிய விட்டு, அப்புறம் சாக்கைப் பாருங்கள். போனில் லக்ஸ் மீட்டர் செயலி இருந்தால் 5 மீட்டரில் வைத்து வரும் எண்ணை 25-ஆல் பெருக்குங்கள், கேண்டெலா கிடைக்கும். போன் சென்சார் துல்லியமானது கிடையாது, ஆனால் இரண்டு டார்ச்சில் எது மேல் என்று சொல்ல அது போதும்.

10,000 லூமன், ஒரு லட்சம் லூமன் என்று போட்டு விற்பவற்றைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. இந்த டார்ச்சுகளில் போடும் 18650 என்கிற லித்தியம் செல் நல்லதாக இருந்தால், ஒன்றில் 3,500 எம்ஏஎச் வாக்கில், அதாவது ஏறக்குறைய 12 வாட்-மணி சக்தி இருக்கும். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் சுமார் தரும். 1000 லூமன் என்றால் ஒரு மணி நேரம் சொச்சம். 10,000 லூமன் உண்மையாக இருந்தால் ஏழு நிமிசத்தில் செல் தீர்ந்திருக்கணும், டார்ச்சும் கையில் பிடிக்க முடியாதபடி கொதித்திருக்கணும். அது நாலு மணி நேரம் எரிகிறது என்றால் லூமன் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செல்லின் மேல் 9,900 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அதுவும் இதே ரகம்தான்.

தலையை முன்னும் பின்னும் நகர்த்தும் ஜூம் டார்ச் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முழுசாக இழுத்துவிட்டால் எல்இடியின் சதுர உருவமே தூரத்தில் போய் விழும், அதைச் சுற்றி ஒரு சொட்டு வெளிச்சம் இருக்காது. லென்ஸ் முன்னால் நகர நகர, பக்கவாட்டில் போகும் வெளிச்சம் உள்ளேயே வீணாகிவிடும். தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கலாம், அங்கே நடந்து போக முடியாது. உள்ளே தள்ளினால் பரவலாக நன்றாகவே விழும், பக்கத்து வேலைக்குக் குறையில்லை. ஆனால் பெரும்பாலான ஜூம் டார்ச்சுகளில் தலை நகரும் இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். மழையில் ஒரு தடவை நனைந்தால் லென்ஸுக்குள் மூடுபனி.

என்னைக் கேட்டால், ஒரே டார்ச்சில் எல்லாம் வேண்டும் என்று தேடாமல் கையில் 4500 கெல்வின் பாக்கெட் டார்ச் ஒன்று, மோட்டார் ரூமில் ஆணியில் மாட்ட அகன்ற தலை டார்ச் ஒன்று என்று இரண்டாக வாங்கிவிடுங்கள். இரண்டும் ஒரே அளவு செல் எடுத்துக்கொள்கிற மாதிரி பாருங்கள், அவசரத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது சுவிட்சை நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்துவிடுங்கள். குறைந்த வெளிச்சத்துக்கு வருவதற்குள் ஒவ்வொரு தடவையும் சிமிட்டுகிற ஸ்ட்ரோப்பைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றிருந்தால், அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்வால் பக்கத்தில் நின்றுகொண்டு டிஸ்கோ லைட் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.