ஆறு வீட்டுச் சாவி கையில் இருக்கிறது, கம்பனி தொடங்கலாமா?

கேள்வி: நானும் என் மச்சானும் ஹட்டன் பக்கம், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களின் ஆறு வீடுகளைப் பார்த்துக்கொள்கிறோம். வாடகைக்கு இருப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் வங்கி உத்தியோகத்தர்களும்தான். கனடாவில் இருக்கும் சித்தப்பா, "ஜெர்மனியில் ஒரே கம்பனி இலட்சக்கணக்கான வீடுகளை வாடகைக்கு விடுகிறது, நீங்களும் கம்பனியாகப் பதிந்து வளருங்கள்" என்கிறார். வீட்டுக்காரர்களுக்கு மாதாமாதம் ஒரு நிச்சயத் தொகை கொடுத்துவிட்டு மிச்சத்தை நாங்கள் எடுப்பது அவருடைய யோசனை. வங்கிக் கடனில் இரண்டு வீடு வாங்குவது மச்சானுடைய யோசனை. ஆறில் ஒன்று நுவரெலியாவில் இருக்கிறது, அதை ஏப்ரல் சீசனுக்கு விடலாமா? இன்னொன்று தோட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் கட்டிக் கொடுத்த வீடு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சித்தப்பா சொல்வது உண்மைதான். அவர் மனதில் வைத்திருப்பது வொனோவியா. ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் அதன் கையில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கம்பனி ஒவ்வொரு வீடாகச் சேர்த்து வளர்ந்ததில்லை. 2001இல் டொய்ச்சே அனிங்டன் என்ற பெயரில் தொடங்கியபோதே, ஜெர்மன் ரயில்வே ஊழியர்களுக்கென்று இருந்த குடியிருப்புகளை, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை, அரசிடமிருந்து மொத்தமாக வாங்கியது. 2005இல் ஒரு மின்சக்திக் கம்பனியின் வீட்டுப் பிரிவான வித்தெர்ராவை வாங்கியது. 2013இல் பங்குச் சந்தைக்கு வந்தது, 2015இல் பெயரை மாற்றிக்கொண்டது, 2021இல் டொய்ச்சே வோனன் என்ற அடுத்த பெரிய கம்பனியையும் எடுத்துக்கொண்டது. ரயில்வேக்கும் மின்சாரக்காரருக்கும் வீட்டுக்காரராக இருப்பது பாரமாகிவிட்டது. அதை ஒருவர் வாங்கிச் சுமந்தார். வேலையும் வீடும் ஒரே கையில் இருந்து, பிறகு வீடு மட்டும் கைமாறிய கதை. தோட்டத் தொழிலாளரின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. தோட்டத் துரை வாடகை கேட்கவில்லை, ஆனால் வேலையிலிருந்து பேர் வெட்டினால் லயத்துக் காம்பராவும் போகும் என்ற பயம் தலைமுறைகளாக நம்மோடு இருந்தது.

இங்கிலாந்தில் கிரெய்ஞ்சர் என்றொரு கம்பனி, 1912இல் நியூகாசிலில் தொடங்கியது. அது பணம் பார்த்த வழி இன்னும் சுவாரசியம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பழைய வாடகைக்காரர் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு விலை குறைவு. அவரை எழுப்ப முடியாது, வாடகையும் ஏற்ற முடியாது. விற்றுத் தொலைத்தால் போதும் என்றிருந்த உரிமையாளர்களிடம் அந்த வீடுகளை மலிவாக வாங்கி, காலப்போக்கில் வீடு காலியானதும் முழு விலைக்கு விற்றார்கள். அமெரிக்காவில் 2008 நெருக்கடிக்குப் பிறகு கடன் கட்ட முடியாமல் ஏலத்துக்கு வந்த தனி வீடுகளை பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டுக் கம்பனி அள்ளியது; 2012இல் அதற்காகவே இன்விடேஷன் ஹோம்ஸ் என்ற கம்பனியை உருவாக்கினார்கள்.

உங்களுக்கு மிகப் பக்கத்தில் வரும் கதை, அமெரிக்காவில் கட்டடத் தொழிலில் பெரிய ஆளான சாம் ஜெல்லுடையது. 1960களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, தங்க இடம் கிடைக்கும் என்பதற்காக மாணவர் குடியிருப்பு ஒன்றைப் பராமரிக்கும் வேலையை எடுத்தார். அப்புறம் நண்பர் ராபர்ட் லூரியோடு சேர்ந்து அடுத்தவர்களின் கட்டடங்களை நிர்வகித்தார். சொந்தமாக வாங்கியதெல்லாம் அதைத் தொடர்ந்துதான். அந்த வேரிலிருந்து வந்த எக்குவிட்டி ரெசிடென்ஷியல் என்ற வாடகை வீட்டுக் கம்பனி 1993இல் பங்குச் சந்தைக்குப் போனது.

இந்த நான்கு பேரும் வேறொருவரால் சுமக்க முடியாமல் போனதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஹட்டனில் இன்று யாராலும் சுமக்க முடியாதது எது? கனடாவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடு. கூரையில் பாசி, மீட்டரில் நிலுவை, பக்கத்துக் காணிக்காரர் வேலியை இரண்டு அடி தள்ளிப் போட்டது, இதையெல்லாம் அங்கிருந்து யார் பார்ப்பது? அந்தப் பார்வையைத்தான் நீங்கள் விற்கிறீர்கள். வீட்டை வாங்க வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை.

சரி, சித்தப்பாவின் நிச்சயத் தொகைக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்காரருக்கு 30,000 ரூபா நிச்சயம், வாடகை 40,000 என்று வைப்போம். ஆறு வீட்டுக்கும் மாதம் 60,000 மிஞ்சும், கேட்க நன்றாக இருக்கிறது. ஆசிரியர் இடமாற்றத்தில் இரண்டு வீடு காலியாகி மூன்று மாதம் ஆளில்லை என்றால், அந்த இரண்டுக்கும் நீங்கள் கொடுக்க வேண்டியது 180,000. மற்ற நான்கிலும் அந்த மூன்று மாதத்தில் மிஞ்சுவது 120,000. அது முழுதும் போய், கையிலிருந்து இன்னும் 60,000 இறங்கும். அதற்குள் ஒரு கீசர் எரிந்தால் அதுவும் உங்கள் தலையில். ஜப்பானில் லியோபேலஸ்21 இந்த முறையில்தான் பெரிதானது. காணிக்காரர்களை அடுக்குமாடி கட்ட வைத்து, மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, வாடகை நிச்சயம் என்றார்கள். பின்னால் அந்தத் தொகையைக் குறைக்கப் போய் உரிமையாளர்களோடு வழக்கு வந்தது. 2018இல் கட்டடங்களின் தீத்தடுப்புச் சுவர்களில் குறைபாடு வெளியாகி இன்னும் அடிபட்டது. பெங்களூருவில் 2015இல் தொடங்கிய நெஸ்ட்அவேயும் உங்களைப் போல ஊரில் இல்லாதவர்களின் வீடுகளைத்தான் பார்த்துக்கொண்டது. முதலீட்டாளர் பணம் கொட்டியது. 2023இல் அது விற்கப்பட்டபோது கிடைத்தது, ஒரு காலத்தில் போட்ட மதிப்பில் ஒரு துண்டுதான்.

நூற்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். பத்து வீதம் என்றால் 40,000 ரூபா வீட்டுக்கு 4,000. வீடு காலியாக இருக்கும் மாதத்தில் நீங்கள் இழப்பது அந்த 4,000 மட்டும்தான். புதிய ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்கும்போது ஒரு தனிக் கட்டணம் கேட்பதில் தவறில்லை. அலைச்சல் அங்கேதான் அதிகம். திருத்த வேலைகளுக்குப் பற்றுச்சீட்டோடு வீட்டுக்காரர் கணக்கில் கழியுங்கள். ஆனால் ஒன்று: மேசனிடமும் பிளம்பரிடமும் இரகசியமாகக் கமிஷன் வைக்காதீர்கள். மலையகத்தில் செய்தி ரொரண்டோவுக்குப் போக ஒரு வட்ஸ்அப் அழைப்புப் போதும்.

மச்சானின் கடன் யோசனையைத் தள்ளி வையுங்கள் என்பதே என் கருத்து. வட்டி மாதாமாதம் வரும், வாடகை அப்படி வராது. இலங்கையில் பெரிய வாடகைக் கம்பனி என்று சொல்லும்படி ஒன்றும் ஏன் முளைக்கவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு உச்சவரம்பு வைத்தது, வாடகைக்காரரை எழுப்புவதைக் கடினமாக்கியது, அவர் இறந்தால் குடும்பத்தவர் தொடரவும் வழி வைத்தது. அடுத்த வருடமே, 1973இன் 1ஆம் இலக்க வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. தனி ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை போட்டு, மேலதிக வீடுகளை அரசு எடுத்தது. அதில் குடியிருந்தவர்கள் பலர் சொந்தக்காரர்களானார்கள். கொழும்பில் வரிசை வரிசையாக வீடு வைத்திருந்தவர்களின் காலம் அதோடு முடிந்தது. உச்சவரம்பு பின்னர் தளர்ந்தது. வாடகைச் சட்டமும் 1980, 2002 திருத்தங்களால் பல வீடுகளைத் தன் கட்டுப்பாட்டிலிருந்து விட்டுவிட்டது. ஆனாலும் வாடகைக்கு விட்டால் வீடு போய்விடும் என்ற பயம் நம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. பூட்டிய வீடுகள் பூட்டியபடியே கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் ஆறில் ஏதாவது பழைய வாடகைக்காரரோடு வந்திருந்தால், அது சட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று சட்டத்தரணியிடம் முதலில் கேளுங்கள்.

இந்தப் பயத்தை மாற்றுவது கடதாசிதான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840 முதல் இருக்கிற சட்டம். நம் ஊரில் நடப்பது என்ன? புத்தகக் கடையில் படிவம் வாங்கி, முத்திரை ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, "இரண்டு வருட அக்ரிமன்ட்" என்கிறோம். பிரச்சினை வந்தால் அது இரண்டு வருட ஒப்பந்தமாக நிற்காது. குத்தகை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. அதுவும் முறையாக எழுதிய குத்தகைக்குத்தான் கைகொடுக்கும். நொத்தாரிசு செலவைப் பார்த்து ஒதுங்க வேண்டாம்.

அதற்கு முன், நீங்கள் யார் பேரில் கையெழுத்துப் போடுகிறீர்கள்? "சித்தப்பா போனில் சொன்னார்" என்பது போதாது. வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அங்குள்ள நமது தூதரகம் வழியாக உங்களுக்கு அற்றோனித் தத்துவம், அதாவது தன் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பட்டும். அதைப் பதிந்து வையுங்கள். வாடகைக்கு விட, வாடகை வாங்க, திருத்த, வழக்காட என்று அதிகாரத்தை எழுதி வாங்குங்கள். விற்கும் அதிகாரம் வேண்டாம், அவர்களே தந்தாலும் வேண்டாம்; குடும்பத்துக்குள் சந்தேகம் அங்கிருந்துதான் முளைக்கும். வாடகையும் முற்பணமும் உங்கள் வீட்டுச் செலவோடு கலக்காதபடி தனி வங்கிக் கணக்கில் கிடக்கட்டும்.

கம்பனியாகப் பதிவதற்கு அவசரமில்லை. 2007இன் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் இணையம் வழியாகவே பதியலாம், அது சுலபம். அதைக் கொண்டு நடத்தத்தான் செயலாளர், கணக்காய்வு, வருடாந்த அறிக்கை என்று செலவு. ஆறு வீட்டில் பத்து வீதம் என்றால் மாதம் 24,000. இரண்டு பேர் பிரிக்க வேண்டும். இப்போதைக்குப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் ஒன்றைப் பங்குடைமையாகப் பதிந்தால் போதும். உங்கள் மச்சானோடுதானே என்று விடாமல், யார் அலைவது, யார் கணக்கு, எவருக்கு எத்தனை வீதம் என்பதையும் எழுதுங்கள். இருபது வீடு தாண்டும்போது கம்பனியைப் பற்றி யோசிக்கலாம்.

வீடுகளையே கம்பனி பேருக்கு மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். காணி உறுதி மாற்ற முத்திரைத் தீர்வை 4 வீதத்தை நெருங்கும். கம்பனி இலாபத்துக்கு வரி 30 வீதம், பங்கிலாபமாக எடுக்கும்போது இன்னும் 15. இலங்கையில் வதியும் தனி ஆளுக்கோ வாடகை வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு திருத்தச் செலவாகக் கழிகிறது. 2025 ஏப்ரலிலிருந்து வருடம் 18 இலட்சம் வரை தனிநபர் விலக்கும் உண்டு. வெளிநாட்டில் வதிபவர்களின் கணக்கு வேறு; அதைக் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஏழு பேர்ச் வீட்டை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. தோட்டக் காணி அரசினுடையது, கம்பனிகளிடம் இருப்பது குத்தகை. அந்த வீட்டுக்கு உறுதி வந்திருக்கிறதா, வந்திருந்தால் என்ன நிபந்தனையோடு என்பதைப் படித்துப் பார்க்காமல் வாடகைக்கு விட வேண்டாம்.

இனி வீடு. வாடகைக்காரர் நிலைப்பதும் போவதும் ஈரத்தில்தான். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் மழையில், ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை, சுவர் காயாது. வெயில் காலத்தில் வீட்டைக் காட்டினால் எல்லாம் அழகாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அலுமாரியை நகர்த்தி அதன் பின்சுவரை. கறுப்புப் புள்ளி இருந்தால் அதன் மேல் பெயின்ட் அடிக்காமல், தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள். பெரும்பாலும் பீலியில் சருகு அடைத்திருக்கும், இல்லாவிட்டால் வீட்டின் பின்பக்கத்து மண் சரிந்து சுவரில் சாய்ந்திருக்கும். அடுத்தது மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் தாங்கு சுவர். அதில் வரிசையாக வைத்த பிவிசி குழாய்கள் வழியே மழை நாளில் தண்ணீர் சொட்ட வேண்டும். மழை பெய்தும் சொட்டவில்லை என்றால் குழாய்க்குள் மண் அடைத்திருக்கிறது, சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, மேலே மண்ணில் வெடிப்பு இருந்தாலோ வாடகைக்கு விடாமல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததும் யாருக்கும் மறக்கவில்லை. வீடு பார்க்க வருகிறவர் இப்போது மேலே உள்ள மேட்டைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார். அந்த நிறுவனத்தின் அறிக்கை கையில் இருந்தால் பதில் சொல்லச் சுலபம்.

சாவி கொடுக்கும் நாளில் மின், தண்ணீர் மீட்டர்களையும் ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து, வாடகைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடுங்கள். போகும்போது முற்பணத்தில் எவ்வளவு கழிப்பது என்ற சண்டை பாதி குறையும்.

நுவரெலியா வீட்டை நாள் கணக்கில் விடுவது வாடகைத் தொழில் அல்ல, தங்குமிடத் தொழில். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிய வேண்டும். விரிப்பு, சுத்தம், ஆள் என்று ஏப்ரலில் ஒருவர் அங்கேயே கிடக்க வேண்டும். சீசன் காசு பெரிதாகத் தெரியும், மே வந்ததும் வீடு மறுபடி பூட்டிக் கிடக்கும். உங்களில் ஒருவர் நுவரெலியாவில் இல்லாத வரை, ஒரு உத்தியோகத்தர் குடும்பத்துக்கு வருடக் குத்தகையாகக் கொடுத்துவிடுங்கள்.