டேப்லெட்டில் மட்டும் வைஃபை மெதுவாக இருப்பது ஏன்?

ஒரே அறையில் போனில் 90 எம்பிபிஎஸ், டேப்லெட்டில் 25 என்றால் இணைய இணைப்பில் குறையில்லை. வைஃபைக்குப் பொதுவாக இரண்டு அலைவரிசைகள்: மெதுவான 2.4 கிகாஹெர்ட்ஸ், வேகமான 5 கிகாஹெர்ட்ஸ். பெரும்பாலும் டேப்லெட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கும். வைஃபை அமைப்பில் உங்கள் நெட்வொர்க் பெயரைத் தொட்டு, அதிர்வெண்ணையும் இணைப்பு வேகத்தையும் பாருங்கள். இணைப்பு வேகம் 65 அல்லது 72 என்று காட்டினால் பெரும்பாலும் 2.4தான். அந்த எண் உச்ச அளவுதான். கைக்கு வருவது ஏறக்குறைய பாதி, பக்கத்து வைஃபைகள் நெரித்தால் இன்னும் குறையும்.

ரூட்டர் அமைப்பில் 2.4க்கும் 5க்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள். டேப்லெட்டை 5இல் இணைத்து, பழைய பெயரை 'மறந்துவிடு' கொடுத்து நீக்கிவிடுங்கள். இதை விட்டால் சிக்னல் சற்றுக் குறைந்ததும் மறுபடி 2.4க்கே போய்விடும்.

5இன் பெயரே டேப்லெட்டில் தெரியவில்லையா? ரூட்டர் 52 முதல் 144 வரையிலான சேனல் (அலைவரிசைக்குள் இருக்கும் எண்ணிட்ட தடம்) ஒன்றில் இருக்கலாம். சில டேப்லெட்டுகள் அவற்றைப் பார்ப்பதில்லை. சேனலை 36க்கு மாற்றுங்கள். அப்போதும் வராவிட்டால் அந்த மாடலில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் 2.4லேயே 1, 6, 11 சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். புளூடூத்தையும் அணைத்துப் பாருங்கள், அதுவும் இதே அலைவரிசைதான்.

'வேகம் கூட்டும்' செயலிகளைத் தயவுசெய்து நிறுவாதீர்கள். ரேடியோவின் திறனை எந்தச் செயலியாலும் கூட்ட முடியாது.