முதல் கியரில்தான் தெரியும் சங்கதி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வைத்திருக்கிறேன். புது 450-க்கு மாறலாமா என்று யோசனை. பெயர்தான் ஒன்று, வண்டியே வேறு என்கிறார்கள். அப்படியா?

பதில்: அப்படித்தான். 2016-இல் வந்த 411-ஐ மெருகேற்றிச் செய்த வண்டி இல்லை, 2023 நவம்பரில் வந்த 450. இன்ஜின், சேஸி, ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்), டேங்க் எல்லாமே புதிது. பழையது காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின், 24.3 பிஎச்பி, 5 கியர். புதியது கூலன்ட் ஓடும் 452 சிசி, சுமார் 39.5 பிஎச்பி, 6 கியர். எடை மட்டும் பெரிதாக மாறவில்லை: அது 199 கிலோ, இது 196.

பவர் கணக்கை விடுங்கள். டார்க் (இழுவிசை) எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) வருகிறது என்று பாருங்கள். பழையதில் 32 நியூட்டன் மீட்டரும் 4,000–4,500-லேயே கிடைத்துவிடும். புதியதில் 40 நியூட்டன் மீட்டர், ஆனால் 5,500-இல். காரணம் சிலிண்டரிலேயே இருக்கிறது. பழையதின் போர் (சிலிண்டரின் விட்டம்) 78 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 86. புதியதில் போர் 84, ஸ்ட்ரோக் 81.5. நீளமான ஸ்ட்ரோக்கும் கனமான ஃப்ளைவீலும் (இன்ஜினின் சுழற்சியைத் தாங்கிப் பிடிக்கும் சக்கரம்) உள்ள இன்ஜின், அரைத் தூக்கத்தில்கூட இழுத்துக்கொண்டு போகும். இது அப்படி இல்லை.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை 411-இல் இரண்டாவது கியரிலேயே ஏறிப் பழகியவர், அதே பழக்கத்தில் 450-ஐ ஓட்டினால் வளைவுக்கு நடுவில் இன்ஜின் இருமும். முதல் கியருக்கு இறங்க வேண்டும், அல்லது கிளட்சில் ஒரு விரல் வைத்து 3,000-க்கு மேல் தாங்கிப் பிடிக்க வேண்டும். இது கோளாறு அல்ல, குணம். அந்த 3,000-ஐத் தாண்டிவிட்டால் பழையது பக்கத்தில்கூட வராது. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது சாமியை வேண்டிக்கொள்ளும் பழக்கமும் போய்விடும்.

உங்கள் ஓட்டம் பெரும்பாலும் ரோடு, இடையிடையே மண் பாதை என்றால் மாறுங்கள். மெதுவாகப் பாறை ஏறுவதுதான் உங்கள் பொழுதுபோக்கு என்றால் 411-ஐ விற்க அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: டெஸ்ட் ரைடுக்கு பத்து நிமிடம்தான் தருகிறார்கள். அதற்குள் எதைப் பார்ப்பது?

பதில்: பெரும்பாலோர் அந்தப் பத்து நிமிடத்தையும் மெயின் ரோட்டில் முறுக்கித் தீர்த்துவிடுகிறார்கள். வேகத்தில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். எட்டு நிமிடத்தை முதல் இரண்டு கியரில் செலவிடுங்கள்.

முதலில், ஓடும்போதே எழுந்து நில்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கி, டேங்கை இரண்டு பக்கமும் அணைக்க வேண்டும். ஹேண்டிலைப் பிடிக்க முதுகு வளைகிறதா? அப்படியென்றால் ஒரு மணி நேர மண் பாதைக்குப் பிறகு இடுப்பு உங்களோடு பேசாது. ஹேண்டில்பாரைச் சற்று முன்னால் சுழற்றியோ ரைசர் (ஹேண்டிலை உயர்த்தும் துண்டு) வைத்தோ சரிசெய்யலாம். நின்ற நிலையில் பின் பிரேக் பெடல் காலுக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். உட்கார்ந்து ஓட்டுபவருக்கு வைத்த உயரம், நிற்பவருக்குத் தாழ்வாகவே இருக்கும்.

அடுத்து, காலியான இடத்தில் நடக்கும் வேகத்தில் எட்டுப் போடுங்கள். த்ராட்டிலில் இப்போது கேபிள் கிடையாது, சென்சார்தான். மூடியதிலிருந்து திறக்கும் அந்த முதல் நூலளவில் வண்டி குதிக்கிறதா, வழுக்கிக்கொண்டு கிளம்புகிறதா? பெர்ஃபாமன்ஸ், ஈகோ இரண்டு மோடிலும் பாருங்கள். குதித்தால் பின் பிரேக்கை லேசாக மிதித்தபடியே த்ராட்டில் கொடுங்கள், அடங்கிவிடும்.

பிறகு ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. 450-இல் பின் சக்கரத்துக்கு மட்டும் அணைக்கலாம், முன்னால் எப்போதும் வேலை செய்யும். சரளைக்கல் இறக்கத்தில் ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். பின் சக்கரம் பூட்டி மண்ணை உழுதால்தான் வேகம் குறையும். அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு கில் ஸ்விட்சால் நிறுத்தியும் பாருங்கள். இரண்டிலும் ஏபிஎஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். பாதி இறக்கத்தில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல அது.

மிச்சம் இரண்டு நிமிடத்தில் வேண்டுமானால் முறுக்குங்கள்.

கேள்வி: என் உயரம் 160 செ.மீ. சீட் 825 மி.மீ. என்கிறார்கள். லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் இணைப்பு) போட்டால் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொல்கிறார். போடலாமா? (வாசகி ஒருவர்)

பதில்: கடைசி வழியாக மட்டும். சீட் 825, 845 என இரண்டு நிலையில் வைக்கலாம், தாழ்ந்ததில் வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து, ஃபோம் குறைவான தாழ்ந்த சீட். எண்ணை மட்டும் வைத்தும் முடிவு செய்யாதீர்கள். சீட்டின் முன்பகுதி குறுகலாக இருந்தால் கால் நேராக இறங்கும். நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷனும் கொஞ்சம் அமுங்கித் தரும்.

லிங்க் போட்டால் பின்பக்கம் மட்டும் இறங்கும். 230 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் குறையும். முன்பக்கம் உயர்ந்தே நிற்பதால் ஹேண்டில் திருப்பம் மந்தமாகும். யாரும் சொல்லாத ஆபத்து சைடு ஸ்டாண்டில் இருக்கிறது. வண்டி தாழ்ந்துவிட்டது, ஸ்டாண்டின் நீளம் அப்படியே இருக்கிறது. அதனால் வண்டி சாயாமல் நேராக நிற்கும், லேசாகக் காற்றடித்தாலும் மறுபக்கம் விழும். 196 கிலோ! போட்டே ஆக வேண்டும் என்றால் ஃபோர்க்கையும் க்ளாம்பில் சில மில்லிமீட்டர் மேலேற்றி, ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும்.

இரண்டு கால் நுனியையும் ஊன்றப் போராடுவதைவிட, ஒரு பக்கம் இடுப்பை நகர்த்தி ஒரு பாதத்தை முழுதாக ஊன்றி, மறுகாலைப் பின் பிரேக்கில் வைப்பது உறுதியானது. நிற்பதற்கு முன்பே தரை எந்தப் பக்கம் மேடு என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

கேள்வி: பின் சீட்டில் ஆளோடு, பெட்டிகளோடு போகும்போது வளைவில் வண்டி அகலமாக ஓடுகிறது. ஹெட்லைட்டும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது. டயரா, ஃபோர்க்கா?

பதில்: இரண்டும் இல்லை, பின் ஸ்பிரிங். பாரத்தில் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, அதனால் முன் சக்கரம் லேசாகிவிட்டது. வெளிச்சம் மேலே அடிப்பதே அதற்குச் சாட்சி.

ஒரு டேப் போதும். பின் சக்கரம் தரையைத் தொடாமல் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, சீட்டுக்கடியில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு தூரத்தை அளங்கள். 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு முழு ரைடிங் உடுப்போடு, வழக்கமான பாரத்தோடு, கால் இரண்டும் ஃபுட்பெக்கில் இருக்க உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கட்டும். 540 வந்தால் 60 மி.மீ. அமுங்கியிருக்கிறது. இதைத்தான் ஸாக் என்பார்கள். மொத்தப் பயணம் 200 மி.மீ., அதில் ஏறக்குறைய 30 சதவீதம் சரி. 80 வந்தால் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) ஏற்றுங்கள், 45 வந்தால் இறக்குங்கள்.

ப்ரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று நினைக்காதீர்கள். உயரம்தான் மாறும், ஸ்பிரிங் அதேதான். ப்ரீலோடை முழுக்க ஏற்றியும் ஸாக் குறையவில்லை என்றால், உங்கள் பாரத்துக்கு வேறு ஸ்பிரிங் தேவை. முன்னால் உள்ள 43 மி.மீ. ஃபோர்க்கில் திருக எதுவும் இல்லை.

ப்ரீலோடை மாற்றிய கையோடு செயினையும் பாருங்கள். சஸ்பென்ஷன் அமுங்க அமுங்க, முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) பிவட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரு கோட்டில் வரும் இடத்தில் செயின் அதிகமாக இறுகும். நிறுத்தி வைத்த நிலையில் விறைப்பாக வைத்திருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் அது கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். முதலில் அங்கே ஆயில் கசியும். சற்றுத் தொய்வாக இருப்பதே மேல்.

கேள்வி: மண் பாதையில் காற்று எவ்வளவு குறைக்கலாம்? டயரில் ட்யூப்லெஸ் என்றுதான் எழுதியிருக்கிறது.

பதில்: டயரில் எழுதியிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். ட்யூப்லெஸ் டயருக்குள்ளும் ட்யூப் போடலாம். முடிவு செய்வது ரிம்தான். 450 முதலில் ட்யூப் போட்ட ஸ்போக் சக்கரத்தோடுதான் வந்தது, ட்யூப்லெஸ் ஸ்போக் ரிம் பின்னால் வந்தது. உங்களுடையது எது என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ட்யூப் என்றால் சரளைக்கு முன்னால் 22, பின்னால் 24 பிஎஸ்ஐ-யில் தொடங்குங்கள். அதற்குக் கீழே கல் முனை டயரை ரிம் வரை நசுக்கும்போது நடுவில் மாட்டும் ட்யூபில் பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். ட்யூப்லெஸ்ஸில் இன்னும் இரண்டு மூன்று இறங்கலாம், ஆனால் வேகமாகப் பாறையில் இடித்தால் ரிம் நெளியும். தார் ரோடு வந்ததும் ஸ்விங்ஆர்ம் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடித்துவிடுங்கள், இல்லையென்றால் டயர் சூடேறிக் கெடும்.

ஒரே ஒரு ஸ்பேர் ட்யூப் எடுக்க இடம் இருந்தால் 21 இன்ச் எடுங்கள். அவசரத்துக்கு மடித்துப் பின் சக்கரத்தில் திணித்து மெதுவாக ஊர் சேரலாம். 17 இன்ச் ட்யூப் முன்னால் போகவே போகாது.

கேள்வி: பழைய 411-இன் பெட்டி ஸ்டாண்டு புதியதில் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. வெல்டிங் வைத்துப் பொருத்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். புதிதாக வாங்கும் பணத்தில் முதலில் ரேடியேட்டருக்கு ஒரு வலை போடுங்கள். முன் சக்கரம் வாரியடிக்கும் கல் நேராக அங்கேதான் போகிறது. சேறு அடைத்தால் பிரஷர் வாட்டர் வைத்து அடிக்காதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். பின்பக்கத்திலிருந்து சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும்.