மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்தால் இதய நோய் தெரியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இரண்டு கையும் மரத்துப்போகும். வலது கையில் கார்பல் டனல் ஆபரேஷன் முன்பே முடிந்துவிட்டது, இடது கைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வருஷக்கணக்காகப் போட்டுவந்த பிரஷர் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தலைசுற்றுகிறது என்று டாக்டர் குறைத்துவிட்டார். மணிக்கட்டு எம்.ஆர்.ஐ.யில் இதய அமிலாய்டோசிஸைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். எடுக்கலாமா? - வாசகி, திருச்சி

பதில்: எம்.ஆர்.ஐ.க்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் அதைத் தீர்க்கிற பரிசோதனை அது இல்லை.

மணிக்கட்டுக்குள் கார்பல் டனல் என்ற ஒரு குறுகலான பாதை உண்டு. மீடியன் நரம்பும் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் அந்த இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். கல்லீரலில் உருவாகும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் சிலருக்கு வயதான பிறகு உருக்குலைந்து நார்நாராக அங்கே படியும் (இந்தப் படிவுக்குத்தான் அமிலாய்டு என்று பெயர்), நரம்பு நசுங்கும், கை மரக்கும். அதே புரதம் இதயச் சுவரிலும் படிந்தால், அதாவது இதய அமிலாய்டோசிஸ் வந்தால், சுவர் தடித்து விறைத்துவிடும், இதயம் சரியாக விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது. கைக்கும் இதயத்துக்கும் நடுவே பல வருஷ இடைவெளி இருக்கலாம் என்பதால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை, அதுதான் இந்த நோயில் பெரிய கொடுமை.

மணிக்கட்டு எம்.ஆர்.ஐ.யில் நரம்பு வீங்கியிருப்பதும் தசைநாண் உறை தடித்திருப்பதும் தெரியும். ஆனால் தடித்ததற்குக் காரணம் அமிலாய்டா, சர்க்கரையா, தைராய்டா, வெறும் வேலைப்பளுவா என்று படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. கார்பல் டனல் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அமிலாய்டு இருப்பதும் இல்லை.

உங்களுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு அடுத்த மாதமே வருகிறது. ஆபரேஷனில் அந்த இடத்தைத் திறக்கத்தான் போகிறார்கள். தசைநாண் உறையில் ஒரு சிறு துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்மலின் பாட்டிலோடு போகிற சீட்டில் "அமிலாய்டு சந்தேகம், காங்கோ ரெட் பார்க்கவும்" என்று எழுதியிருக்க வேண்டும், எழுதாவிட்டால் லேப்பில் வழக்கமான சாயம் மட்டும் போட்டு முடித்துவிடலாம். காங்கோ ரெட் என்ற சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் போலரைஸ்டு ஒளியில் பார்த்தால் அமிலாய்டு பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சோதித்த 98 பேரில் 10 பேருக்கு அமிலாய்டு இருந்தது, அவர்களில் 2 பேருக்கு இதயத்திலும் இருந்தது. ஆக, கையில் இருந்தால் இதயத்திலும் இருக்கிறது என்று முடிவுகட்டிப் பயப்பட வேண்டாம், கையில் இல்லையென்று வந்தாலும் இதயத்தைப் பார்க்காமல் விடவும் வேண்டாம்.

இதயத்துக்கு முதலில் இ.சி.ஜி.யும் எக்கோவும் போதும். எக்கோவில் சுவர் தடிப்பாக இருந்து, இ.சி.ஜி.யில் அலைகள் அதற்குப் பொருந்தாமல் குட்டையாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். அப்புறம் பைரோபாஸ்பேட் ஸ்கேன், அதாவது டிரான்ஸ்தைரெட்டின் இதயத்தில் படிந்திருக்கிறதா என்று காட்டும் ஸ்கேன். அதோடு ரத்தத்திலும் சிறுநீரிலும் லைட் செயின் என்ற இன்னொரு புரதத்துக்கான பரிசோதனையைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் ஏ.எல். என்ற இன்னொரு அமிலாய்டு வகை உண்டு, அதில் படிவது இந்த லைட் செயின்தான், அது வேகமாக முற்றும், வைத்தியமும் வேறு, வாரக்கணக்கில் தள்ளிப்போட முடியாது.

டிரான்ஸ்தைரெட்டின் வகை என்று உறுதியானால் டஃபாமிடிஸ் என்ற மாத்திரை இருக்கிறது, 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. படிந்ததை அது கரைக்காது, மேலும் படிவதைத்தான் மட்டுப்படுத்தும், அதனால் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் முழுப் பலன். விலை மிக அதிகம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மரபணுப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள், பரம்பரை வகையாக இருந்தால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இடது கை ஆபரேஷனை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். எக்கோவை மட்டும் இந்த வாரமே எடுத்து, இதய டாக்டரிடம் காட்டி, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கும் முன்கூட்டியே தெரியப்படுத்திவிடுங்கள்.